நாற்பது டொமைன் பெயர்கள், முப்பது லட்சம் மதிப்பாம்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி இதுதான். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதியிருக்கும் தம்பி, இரண்டு வருடத்தில் நாற்பது டொமைன் பெயர்களை, அதாவது இணையத்தள முகவரிகளை, மறுவிற்பனைக்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். பெரும்பாலும் 'யாராவது பிராண்டாக வைத்துக்கொள்வார்கள்' என்ற நம்பிக்கையில் வாங்கியவை. ஒரு தானியங்கி மதிப்பீட்டுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் மொத்தம் முப்பது லட்சத்துக்கு மேல் காட்டுகிறதாம். இதுவரை ஒன்றும் விற்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் ரெனியூவலுக்கு வருகிறது. எதைப் புதுப்பிப்பது, ஒரு பெயரின் மறுவிற்பனை மதிப்பை எப்படித்தான் கணிப்பது என்று கேட்கிறார். பட்டியலையும் அனுப்பியிருக்கிறார். அதிலுள்ள பெயர்களை இங்கே அப்படியே போடாமல், அதே சாயலில் மாற்றிப் பேசுகிறேன்.

முதலில் அந்த முப்பது லட்சத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். அந்தக் கருவி பெயரைச் சொற்களாகப் பிரிக்கும், அந்தச் சொற்கள் இருந்த பழைய விற்பனைகளைப் பார்க்கும், எழுத்து எண்ணிக்கையையும் எக்ஸ்டென்ஷனையும் (டாட் காம், டாட் இன் போன்ற வால்) சேர்த்து ஒரு தொகையைச் சொல்லும். 'சென்னை ஃபிளாட்ஸ்' மாதிரி நேரடிச் சொற்கள் உள்ள பெயருக்கு அது ஓரளவு திசை காட்டலாம். புனைந்த பெயரில் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஜோஹோ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்கும், அதே நான்கு எழுத்தில் வாயில் நுழையாத இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத்தான் தெரியும். அதோடு, இப்படிக் கருவி வைத்திருப்பவர்களில் பலர் டொமைன் பதிவு செய்து தருபவர்களே. நீங்கள் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அவர்களுக்கு வரவு. தொகை பெரிதாகத் தெரிவதில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சேலத்துக்காரருக்கு இதை வெள்ளியை வைத்துச் சொல்லிவிடலாம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி கொலுசைக் கொடுத்தால், டிசைன் பழசாக இருந்தாலும் எடை போட்டு, கழிவு போக அன்றைய வெள்ளி விலைக்கு ஒரு தொகை தருவார்கள். செய்கூலி போகும், வெள்ளி போகாது. டொமைன்களிலும் வெள்ளி உள்ளவை உண்டு. மூன்று ஆங்கில எழுத்து டாட் காம் மொத்தமே 17,576தான் இருக்க முடியும், எல்லாம் எப்போதோ பதிவாகிவிட்டன. அதில் ஒன்று கையில் இருந்தால் இன்றைக்கே இன்னொரு வியாபாரி வாங்கிக்கொள்வார். நான்கு எழுத்தில் 4,56,976 உண்டு. அவற்றிலும் நல்ல எழுத்துகளுக்கு அப்படி ஒரு அடிவிலை இருக்கிறது. புனைந்த பிராண்ட் பெயரில் வெள்ளியே கிடையாது. முழுக்கச் செய்கூலிதான். அந்த டிசைன் பிடித்த ஒருவர் வந்தால் விலை, வராவிட்டால் பூஜ்யம்.

ஆகவே எந்தப் பெயரை எடுத்தாலும் இரண்டு விலை கேளுங்கள். இன்று மாலைக்குள் இன்னொரு டொமைன் வியாபாரிக்குத் தள்ளிவிட வேண்டும் என்றால் என்ன கிடைக்கும்? அந்தப் பெயரில் தொழில் நடத்தப்போகும் ஒருவர் என்றாவது வந்தால் என்ன கொடுப்பார்? முதல் விலை உங்கள் நாற்பதில் முப்பத்தைந்துக்குப் பூஜ்யம். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நீங்கள் பதிவு செய்த அன்று அவை ஆயிரம் ரூபாய்க்குக் காலியாகக் கிடந்தன. டாட் காம் 1985-லிருந்து இருக்கிறது. இன்று அதில் 15 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவில் இருக்கின்றன. காலாவதியாகும் பெயர்களைக் கணத்தில் பிடிக்க மென்பொருள் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஒரு கூட்டமே காத்திருக்கிறது. அவர்கள் அத்தனை பேரும் தாண்டிப்போன பெயர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் நல்லது இருக்கவே முடியாது என்றில்லை, ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

சரி, இரண்டாவது விலைக்கு வருவோம். கணிப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. நான் பெயரை ரசிப்பதை விட்டுவிட்டு, வாங்கக்கூடியவர்களை எண்ணத் தொடங்குவேன்.

அதிகம் கொடுப்பவர், அந்தப் பெயரில் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டு வேறு முகவரியில் இருப்பவர். டெஸ்லா பல வருடம் 'டெஸ்லா மோட்டார்ஸ்' என்ற நீண்ட முகவரியில்தான் இருந்தது. வெறும் டெஸ்லா டாட் காமை வாங்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது, 1.1 கோடி டாலர் செலவானது என்று எலான் மஸ்க்கே 2018-இல் எழுதினார். ஜூம் நிறுவனம் டாட் யுஎஸ் முகவரியில் வளர்ந்து, 2018-இல் இருபது லட்சம் டாலர் கொடுத்து டாட் காமை வாங்கியது. இவர்களுக்கு வேறு வழியில்லை. போர்டு, விசிட்டிங் கார்டு, வாடிக்கையாளர் மனம் எல்லாவற்றிலும் அந்தச் சொல்தான் ஏறியிருக்கிறது. உலகத்தில் அது ஒன்றே ஒன்று, அது உங்களிடம்.

புனைந்த பெயருக்கு இப்படி ஒருவர் பெரும்பாலும் இருக்கவே மாட்டார். நீங்களே உண்டாக்கிய சொல்லை வேறு யார் பயன்படுத்திக்கொண்டிருப்பார்? அப்படி ஒருவர் இருந்தால் அது வேறு விதமான தலைவலி, அதற்குப் பிறகு வருகிறேன். மிச்சம் இருப்பவர், புதிதாகத் தொழில் தொடங்க ஒரு நல்ல பெயர் தேடுபவர். அவர் முன்னால் உங்கள் பெயர் மட்டும் இல்லை. பிராண்டாக வைக்கத் தோதான 'பிராண்டபிள்' பெயர்களை லோகோவோடு அடுக்கி விற்கும் பிராண்ட்பக்கெட், ஆட்டம் போன்ற சந்தைகளில் லட்சக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. உங்களுடையது பிடித்திருந்தாலும், விலை கூடுதல் என்று தோன்றினால் அடுத்த பக்கத்தில் அதே அளவு இனிமையான இன்னொன்று கிடைக்கும். அந்தச் சந்தைகளில் விலைப்பட்டி பெரும்பாலும் 1,500 முதல் 5,000 டாலருக்குள் சுற்றுவதற்கு இதுதான் காரணம். வாய்ஸ் டாட் காம் 2019-இல் மூன்று கோடி டாலருக்குப் போனதே என்று என்னிடம் நிறையப் பேர் கேட்பார்கள். வாய்ஸ் ஒன்றுதான் உண்டு. 'ஷெவரா' மாதிரிப் புனைந்த பெயர்களுக்குக் கணக்கே இல்லை.

இதிலிருந்து எனக்கு ஒரு சாய்வு உண்டு, சொல்லிவிடுகிறேன். நம்மைப்போல் சின்ன முதலில் செய்பவர்களுக்கு, முழுக்கப் புனைந்த பெயரைவிட, எல்லோருக்கும் தெரிந்த இரண்டு எளிய ஆங்கிலச் சொற்கள் இயல்பாகச் சேர்ந்த பெயர் மேல். சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனங்களான ஃபிரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ இரண்டும் அந்த வகை. எழுத்துப் பிழைக்கு வழியில்லை, கேட்டதும் மனதில் நிற்கும். அதோடு, அதே ஜோடிச் சொல்லை இன்னொரு ஊரில், இன்னொரு தொழிலில் யாராவது தற்செயலாகவே வைத்திருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் டாட் கோ, டாட் ஐஓ முகவரிகளில் உட்கார்ந்திருந்தால், நாளைக்கு உங்களைத் தேடி வரக்கூடியவர்கள். ஒரு பெயர் எத்தனை எக்ஸ்டென்ஷன்களில் பதிவாகியிருக்கிறது, அதன் முன்னும் பின்னும் 'கெட்', 'ட்ரை', 'ஆப்', 'ஹெச்க்யூ' என்று ஒட்டி எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பதிவாகி சும்மா கிடப்பவற்றைக் கழித்து, நிஜமாக இயங்கும் தொழில்களை மட்டும் எண்ணுங்கள். ஐந்தாறு தேறினால் அந்தப் பெயருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ரெனியூவல் கட்டலாம். ஒன்றுமே இல்லை என்றால் அது உங்கள் ரசனை மட்டும்தான்.

ஃபிரெஷ்வொர்க்ஸிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். 2010-இல் ஃபிரெஷ்டெஸ்க் என்ற பெயரில் தொடங்கியவர்கள், தயாரிப்புகள் பெருகியதும் 2017-இல் ஃபிரெஷ்வொர்க்ஸ் ஆனார்கள். 'டெஸ்க்' என்றால் வாடிக்கையாளர் குறை கேட்கும் மேசை என்று ஒரு வேலையோடு நின்றுவிடும். 'வொர்க்ஸ்' எதையும் ஏற்கும். உங்கள் பெயர் எத்தனை விதமான தொழிலுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். காபிக்கும், சோப்புக்கும், கணக்கு மென்பொருளுக்கும் ஒரே பெயர் பொருந்துமானால் வாங்குபவர் வட்டம் பெரிது.

ஒலி, எழுத்து விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெயரை ஃபோனில் ஒரே ஒரு முறை சொல்லி, எதிர்முனையில் இருப்பவரை ஆங்கிலத்தில் டைப் அடிக்கச் சொல்லுங்கள் என்பது இந்தத் தொழிலில் பழைய சோதனை. தமிழ் வேர் உள்ள பெயர்கள் இதில் பெரும்பாலும் தோற்கும். 'கொலுசு' என்றால் கே போடுவதா ஜி போடுவதா? 'த' வந்தால் டி மட்டுமா, ஹெச் சேர்த்தா? 'ழ' வந்தால் இசட் ஹெச் என்று நமக்குத் தெரியும், பெங்களூரில் இருக்கும் முதலீட்டாளருக்குத் தெரியாது. ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அரசாங்கப் பலகையில் உள்ள ஆங்கில எழுத்தை முன்பே பார்த்திராத ஒருவர் காதில் கேட்டு அதைச் சரியாக அடிக்கவே முடியாது. ஒரு பெயரை இரண்டு விதமாக எழுத வாய்ப்பிருந்து, உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றால், நான் மதிப்பில் பாதியைக் கழித்துவிடுவேன். மூன்று விதம் என்றால் பேசவே வேண்டாம்.

வேண்டுமென்றே எழுத்தைக் குறைத்த பெயர்களுக்கும் இதே கதி. 2004-இல் ஃப்ளிக்கர் 'இ' இல்லாமல் வந்து வெற்றி பெற்றதும், 2007-இல் டம்ப்ளர் அதே வழியில் வந்ததும், ஊரே உயிரெழுத்தைப் பிடுங்கத் தொடங்கியது. ட்விட்டர் 2006-இல் உயிரெழுத்தே இல்லாத ஐந்து எழுத்தாகத் தொடங்கி, பிறகு முழு எழுத்துகளோடு டொமைனை வாங்கிக்கொண்டது. ஸ்பாட்டிஃபை, ஷாப்பிஃபை இரண்டும் 2006-ஐச் சேர்ந்தவை. அதற்குப் பிறகு எதன் பின்னாலும் 'இஃபை' ஒட்டுவது வழக்கமானது. உங்கள் பட்டியலில் 'கொலுசிஃபை' என்ற சாயலில் நான்கு இருக்கின்றன. அந்த அலை ஓய்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஃபேஸ்புக் 2021 அக்டோபரில் மெட்டா என்று பெயர் மாறியதும், முன்னொட்டாக 'மெட்டா' போட்டு உலகம் முழுக்கப் பதிவு செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதி சந்தையில் ஒரு டாலருக்குக்கூடக் கேள்வி இல்லாமல் காலாவதி ஆனது. இப்போது 'ஜிபிடி', 'ஏஜென்ட்' என்று அதே ஓட்டம். அலை வரும்போது முதல் வாரத்தில் வாங்கி மூன்று மாதத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். நமக்குச் செய்தி வந்து சேரும்போது அவர்கள் விற்றுவிட்டுப் போயிருப்பார்கள்.

உயிரும் மெய்யும் மாறி மாறி வரும் குட்டிப் பெயர்கள் மட்டும் எந்த அலையிலும் அடிபடுவதில்லை. ஜோஹோ அதற்கு நல்ல உதாரணம். அட்வென்ட்நெட் என்ற நிறுவனம் 2009-இல் அந்தப் பெயருக்கே மாறியது. எந்த மொழிக்காரர் வாயிலும் ஒரே மாதிரி வரும், எழுதுவதற்கு ஒரே வழிதான். ஆனால் அப்படி நான்கு எழுத்தில் டாட் காம் வேண்டுமானால் ஏலத்தில் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்துத்தான் வாங்க முடியும். ஆறு, ஏழு எழுத்தில் தேடினால் சுமாரானவை இன்னும் கிடைக்கும்.

சட்டத்தைக் கவனிக்காமல் மதிப்புப் பேசுவதில் அர்த்தமில்லை. பட்டியலில் பிரபலமான ஒரு உணவு டெலிவரி நிறுவனத்தின் பெயரை ஒரு எழுத்து மாற்றிய பெயர் இருக்கிறது. அந்த நிறுவனமே வாங்கிக்கொள்ளும் என்பது உங்கள் கணக்கு. அந்தக் கணக்கை இன்றே விடுங்கள். டிரேட்மார்க் வைத்திருப்பவருக்கே விற்கும் நோக்கத்தில் பதிவு செய்வது, டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் 1999-ஆம் வருட யுடிஆர்பி என்ற தகராறு விதிகளின்படி கெட்ட எண்ணத்துக்குச் சான்று. டாட் இன் பெயர்களுக்கு ஐஎன்டிஆர்பி என்று தனி நடைமுறை இருக்கிறது. விலை கேட்டு நீங்கள் எழுதும் மின்னஞ்சலே அவர்களுக்கு ஆதாரம் ஆகும். பெயர் கையை விட்டுப் போகும், ஒரு பைசா வராது. உங்களிடம் வாங்க வருபவரும் இதை யோசிப்பார். சொமேட்டோ முதலில் ஃபுடீபே என்றுதான் இருந்தது. பெயரின் வால் இபேயை நினைவூட்டியதால் வம்பு வேண்டாம் என்று 2010-இல் மாற்றிக்கொண்டார்கள். வளரத் திட்டமிடும் யாரும் வழக்கோடு வரும் பெயரை வாங்க மாட்டார்கள்.

பதிவான டிரேட்மார்க் இல்லையே என்பதும் பாதுகாப்பு இல்லை. சத்யம் இன்ஃபோவே தன் பெயரின் இரண்டு சொற்களிலிருந்தும் எடுத்து உண்டாக்கிய சொல் சிஃபி. அதையொட்டிய பெயரை வேறொரு நிறுவனம் பதிவு செய்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவர் சம்பாதித்த பெயரை இன்னொருவர் தன்னுடையதுபோல் காட்டுவதைத் தடுக்கும் 'பாஸிங் ஆஃப்' கொள்கை டொமைனுக்கும் பொருந்தும் என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், உங்களிடம் இருக்கும் இரண்டு ஏற்காடு எஸ்டேட் பெயர்கள். 1820-களில் காக்பர்ன் காபி கொண்டுவந்த காலத்திலிருந்து சேர்வராயன் மலையில் எஸ்டேட்டுகள் தனித்தனிப் பெயரோடு இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்கு உரிமைக்காரர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வெப்சைட் இல்லாவிட்டாலும். அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். 'சேலம் ஜவ்வரிசி', 'சேலம் வெண்பட்டு' போன்றவற்றுக்குப் புவிசார் குறியீடு இருப்பதால் அவற்றை பிராண்டாக விற்கப் பார்ப்பதும் வேண்டாத வேலை. வைத்துக்கொள்ள நினைக்கும் ஒவ்வொரு பெயரையும் இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் இலவசத் தேடலில் போடுங்கள். காபி 30-ஆம் வகுப்பு, நகை 14, ஆடை 25, மென்பொருள் 9-உம் 42-உம். அமெரிக்கப் பதிவகத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

உள்ளூரில் வாங்குவார்களா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். சேலத்தின் பெரிய தொழில்கள் பெயரை நம்பி நடப்பவை அல்ல. ஜவ்வரிசி ஆலைக்காரர் சரக்கை அவர்களுடைய கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வின் ஏலத்துக்குக் கொண்டுபோகிறார், அங்கிருந்து அது மூட்டையாக மகாராஷ்டிரம், குஜராத் என்று போகிறது. கொலுசுப் பட்டறைக்காரர் மொத்த வியாபாரிக்குச் செய்து கொடுக்கிறார். இவர்களுக்கு அப்பா பெயரிலோ குலதெய்வம் பெயரிலோ கடை இருக்கிறது. அதை அப்படியே டாட் காமிலோ டாட் இன்னிலோ ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுத் தர வெப் டிசைனர் இருக்கிறார். 'இந்தப் பெயர் ஒன்றரை லட்சம்' என்றால் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். விதிவிலக்கு ஏற்காட்டில்தான் கொஞ்சம் தெரிகிறது. சொந்தத் தோட்டத்துக் காபியையும் மிளகையும் வறுத்து, பாக்கெட் போட்டு நேராக ஆன்லைனில் விற்கும் சின்ன எஸ்டேட்டுகளுக்கும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கும் ஒரு நல்ல பெயர் வேண்டியிருக்கிறது. ஆனாலும் அவர்களிடமிருந்து பத்து, இருபது ஆயிரத்துக்கு மேல் நான் எதிர்பார்க்க மாட்டேன். பிராண்டபிள் பெயருக்கு லட்சங்களில் கொடுப்பவர்கள் முதலீடு வாங்கிய ஸ்டார்ட்அப்கள். அவர்கள் அமெரிக்காவில் அதிகம், பெங்களூர், சென்னையில் கொஞ்சம். பெயரை அவர்கள் காதால் கேளுங்கள்.

விற்பனைத் தகவலுக்கு நேம்பயோ என்ற தளம் இருக்கிறது. வெளியே தெரிந்த விற்பனைகளைத் தேதி, விலை, விற்ற இடம் மூன்றோடும் தரும். அதைப் பார்க்கும்போது பலர் விலையை மட்டும் பார்த்துவிட்டுத் தாவிவிடுகிறார்கள். விற்ற இடத்தைப் பாருங்கள். காலாவதி ஏலங்களில் போனது பெரும்பாலும் வியாபாரிக்கு வியாபாரி விலை. செடோ, ஆஃப்டர்னிக் போன்ற டொமைன் சந்தைகளில் போனது பெரும்பாலும் தொழில் நடத்துபவர் கொடுத்த விலை. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் எதற்கும் உதவாத ஓர் எண்தான் மிஞ்சும். இன்னொன்று, அங்கே இருப்பதெல்லாம் விற்றவை. விற்காமல் காலாவதியான கோடிக்கணக்கான பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரு 'இஃபை' பெயர் 3,000 டாலருக்குப் போனதைப் பார்க்கும்போது, போகாத ஆயிரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. டொமைன் வியாபாரிகள் பொதுவாகச் சொல்வது, ஓரளவு நல்ல பெயர்களாக நூறு வைத்திருந்தால் வருடத்துக்கு ஒன்று, இரண்டு விற்கும் என்பது. ஒன்று என்றே வைப்போம். ஒரு பெயர் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்குப் போகிறது என்றும் தாராளமாக வைப்போம். அப்படியானால் ஒரு பெயரிலிருந்து வருடத்துக்கு எதிர்பார்க்கக்கூடியது 1,500 ரூபாய். சந்தைக்காரர் கமிஷன் இடத்துக்கு இடம் 15 சதவீதத்திலிருந்து 30-க்கும் மேல் வரை போகும். 25 என்று கழித்தால் 1,125. டாட் காம் ரெனியூவல் ஜிஎஸ்டியோடு சேர்த்து சுமார் 1,200. அதாவது பெயருக்கு 75 ரூபாய் கைநஷ்டம். உங்கள் நாற்பதுக்கும் வருடம் 48,000 கட்டினால், இரண்டரை வருடத்துக்கு ஒரு பெயர் விற்கும் என்பது எதிர்பார்ப்பு. அதுவும் ஏலத்தில் தேர்ந்தெடுத்து வாங்கிய பெயர்களுக்கான விகிதம். காலியாகக் கிடந்ததைப் பதிவு செய்தவற்றுக்கு இன்னும் குறைவு. ரெனியூவலும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2012 முதல் 2021 வரை 7.85 டாலராக இருந்த டாட் காம் மொத்த விலையை, அதை நடத்தும் வெரிசைன் நிறுவனம் படிப்படியாக ஏற்றி 2024 செப்டம்பரில் 10.26 ஆக்கியது. ரூபாய் மதிப்பு இறங்குவது தனிக் கதை.

விற்கும் வாய்ப்பை ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் ஆக்கினால் இதே கணக்கு பெயருக்கு ஆயிரம் ரூபாய் லாபமாக மாறுகிறது பாருங்கள். பெயர் எண்ணிக்கையைக் கூட்டி இதைச் செய்ய முடியாது. சுமாரானவற்றைத் தூக்கி எறிந்தால்தான் முடியும்.

எக்ஸ்டென்ஷன் பற்றிச் சுருக்கமாக. பிராண்டபிள் பெயருக்கு டாட் காம்தான். டாட் இன் 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதிலிருந்து நன்றாகவே வளர்ந்திருக்கிறது, ஆனால் வாங்குபவர் இந்தியாவுக்குள் மட்டும், விலையும் அதற்கேற்ப. டாட் ஏஐக்கு இப்போது கிராக்கி உண்டு. குறைந்தது இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும், அதுவே பல ஆயிரம். உங்களிடம் இருக்கும் பத்து டாட் ஆன்லைன், டாட் எக்ஸ்ஒய்இசட் பெயர்களை யோசிக்காமல் விடலாம். முதல் வருடம் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு ரெனியூவலில் பிடிக்கும் வகை அவை. ஓவர்ஸ்டாக் என்ற பெரிய அமெரிக்க நிறுவனமே 2011-இல் 'ஓ டாட் கோ' என்று மாறி, மக்கள் பழக்கதோஷத்தில் டாட் காம் அடித்ததால் பின்வாங்கியது. நடுவில் ஹைஃபன், எண் உள்ளவையும் விடலாம். டொமைன் பழசு என்பதால் மட்டும் பிராண்ட் பெயருக்கு விலை கூடாது. ஆனால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதன் பழைய பக்கங்களைப் பார்த்துவிடுங்கள். சூதாட்டத் தளமாக ஓடியிருந்தால் அந்தக் கறை மின்னஞ்சல் வரை பின்தொடரும்.

ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் உங்களைப்போல் பட்டியலை விற்பனைக்கு வைத்தவர்களுக்கு இது நிச்சயம் வரும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் உங்கள் சுமாரான பெயருக்குப் பத்தாயிரம் டாலர் தருகிறேன் என்பார். இரண்டு மூன்று மின்னஞ்சல் நல்லபடியாகப் போகும். பிறகு, 'என் முதலீட்டாளர் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கிறார், இந்த இடத்தில் வாங்குங்கள்' என்று ஒரு தளத்தைக் காட்டுவார். அதற்கு நூறு டாலர் கட்டியதும் ஆள் காணாமல் போவார். அந்தத் தளமும் அவருடையதே. நிஜமாக வாங்குபவர் உங்களிடம் சான்றிதழ் கேட்பதில்லை, விலைதான் கேட்பார். பணம் எஸ்க்ரோவில், அதாவது இருவருக்கும் பொதுவான இடைநிலையாளரிடம், வந்து சேர்ந்த பிறகுதான் பெயரை மாற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கோடைத் தர வேண்டும்.

உங்கள் பட்டியலுக்கு என் தீர்ப்பு. விட வேண்டியவை: எஸ்டேட் பெயர்கள் இரண்டு, டெலிவரி நிறுவனச் சாயல், 'இஃபை' நான்கு, மெட்டாவும் ஜிபிடியும் சேர்ந்த ஆறு, அந்தப் பத்து மலிவு எக்ஸ்டென்ஷன், 'ஏற்காடு காபி எஸ்டேட் ஸ்டேஸ்' மாதிரி நான்கு சொல் நீளமுள்ளவை, 'க்வெக்ஸ்ட்ரியா' மாதிரி நாக்கு சுளுக்குபவை. மிச்சத்தில் 'பேப்பர் மேங்கோ', 'ஸ்டெடி லெட்ஜர்' வகையில் ஐந்து ஜோடிச் சொல் பெயர்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. அதிலும் இரண்டாவதன் அசலுக்கு வேறு எக்ஸ்டென்ஷனில் இயங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, அதுதான் உங்கள் கையில் இருப்பதிலேயே உருப்படி. 'ஷெவரா' வகையில் புனைந்தவை மூன்று. ஆங்கிலத்தில் ஏழெழுத்து, உயிரொலியில் முடிகிறது, அழகுப் பொருள், ஆடை, காபி எதற்கும் பொருந்தும். எஸ் ஹெச்சா, சி ஹெச்சா என்ற ஒரு குழப்பம் மட்டும் உண்டு. ஒரு வருடம் வைத்துப் பாருங்கள், ஒரு விசாரணைகூட வராவிட்டால் அடுத்த முறை விடுங்கள். ஆக எட்டு.

இந்த எட்டுக்கும் 'விலை சொல்லுங்கள்' என்று விடாமல் நேரடி விலை போட்டு வையுங்கள். ஜோடிச் சொற்களுக்கு 2,000 டாலரை ஒட்டி, அந்த உருப்படிக்கு மட்டும் 5,000. எல்லாச் சந்தையிலும் ஒரே விலை இருக்கட்டும், டொமைனை டைப் அடித்தால் விற்பனைப் பக்கம் திறக்க வேண்டும். விசாரணை வந்தால் அதே நாளில் பதில் போடுங்கள். இந்த எட்டில் சேராமல் ஏற்காடு காபி சார்ந்த பொதுப் பெயர் ஒன்று இருக்கிறதல்லவா, அதை மட்டும் இந்தச் சந்தையில் வைக்காமல், பாக்கெட் காபி விற்கும் நாலைந்து எஸ்டேட்காரர்களிடம் பதினைந்தாயிரம் என்று நேரில் சொல்லிப் பாருங்கள். ரெனியூவல் தேதிக்குள் யாரும் எடுக்காவிட்டால் அதையும் விட்டுவிடலாம்.

விடும் பெயர்களுக்கு ஆட்டோ ரெனியூவலை இன்றே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார்டிலிருந்து பணம் தானாகப் போய்விடும். காலாவதி தேதி கடந்தாலும் டாட் காமுக்குப் பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் (பதிவு செய்து தருபவர்கள்) சில வாரம் அவகாசம் தருவார்கள், அதற்குப் பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அதற்கு அபராதக் கட்டணம் பலமாக இருக்கும். அவகாசக் காலத்துக்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடும் ரெஜிஸ்ட்ரார்களும் இருப்பதால், உங்களுடையவர் எத்தனையாவது நாளில் என்ன செய்கிறார் என்று அவர்கள் விதிமுறைப் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.